பாண்கார அண்ணையின் பாட்டு

வாய்க்காலுக்குள் இறங்கியிருந்த ஆண்கள் எவரும் சுமித்திராவின் முகத்தைப் பார்க்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் கைகோர்த்து நின்று, காலால் அடித்தரையைத் துழாவியபடி, ஒரு மதகிலிருந்து அடுத்த மதகை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தார்கள். நடுவில் அவளுடைய புருசன் சதீஸ் நின்றான். காலில் எது தட்டுப்பட்டாலும் மூச்சை அடக்கிக்கொண்டு முங்கினான். ஒரு வேரையோ பழைய யூரியாப் பையையோ தூக்கிக் கரையில் எறிந்துவிட்டு, முகத்தைக்கூடத் துடைக்காமல் மறுபடியும் முங்கினான்.

அவர்களுடைய மகள் மேனுகாவை மத்தியானத்திலிருந்து காணவில்லை.

மேனுகாவுக்கு ஏழு வயது. கதை வராது, ஒரு சொல்லும் பேச மாட்டாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டாள். கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் அதற்கு ஓட்டிசம் என்று சொன்னார்கள். பெரிய சத்தம் எதுவும் அவளுக்கு ஆகாது. வெடிச்சத்தம், குக்கர் விசில், தகரக் கூரையில் விழுகிற மழை எல்லாவற்றுக்கும் காதைப் பொத்திக்கொண்டு சுவரில் தலையை மோதுவாள். வழி கிடைத்தால் ஓடுவாள். அதற்காகவே சதீஸ் வாசல் படலைக்கு மேலும் கீழுமாக இரண்டு கொளுக்கி போட்டிருந்தான்.

அம்மன் கோயிலில் திருவிழா தொடங்க இருந்தது. சுமித்திரா குசினிக்குள் சோறு வடித்துக்கொண்டு நின்ற நேரத்தில்தான் அங்கே லவுட்ஸ்பீக்கர் கட்டிச் சோதித்துப் பார்த்தார்கள். முதலில் கீச்சென்று ஒரு சத்தம், பிறகு "ஹலோ, ஹலோ", அதன் பிறகு காது கிழிகிற மாதிரி நாதஸ்வரம். பானையைப் போட்டுவிட்டு அவள் ஓடி வந்தபோது பிள்ளை இருந்த பாயில் பிள்ளை இல்லை. வேலித் தகரம் ஒன்று அடியில் நெம்பிக் கிடந்தது.

அதற்குப் பிறகு ஊரே திரண்டது. கிணறுகளை எட்டிப் பார்த்தார்கள். றோட்டு வழியே சைக்கிளில் போய் வந்தார்கள். சிறுபோக நெல்லுக்குத் தண்ணீர் திறந்துவிட்டிருந்ததால் வாய்க்கால் நிறைய ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக எல்லாருடைய கண்ணும் தண்ணீரிலேயே போய் நின்றது. கோயில் தலைவர் கனகலிங்கம் ஐயா தன்னால் முடிந்ததென்று மைக்கைப் பிடித்துக்கொண்டார்.

"மேனுகா, அம்மா தேடுறா. எங்கை நிண்டாலும் வீட்டை வாங்கோ பிள்ளை."

விடாமல் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். குரலில் அவருக்கே அழுகை வந்திருந்தது. வாய்க்கால் கட்டில் குந்தியிருந்த சுமித்திராவுக்கு அந்தச் சத்தம் ஒவ்வொரு தடவையும் நெஞ்சுக்குள் இடித்தது. ஏனென்று அப்போது அவளுக்கு விளங்கவில்லை.

வெயில் சாய்கிற நேரத்தில், காற்றின் இடைவெளிக்குள்ளால் ஒரு மெல்லிய மெட்டு வந்தது. பேக்கரியிலிருந்து பாணும் பணிசும் கொண்டுவந்து விற்கிற பாண்காரருடைய பாட்டு. நாடு முழுக்க எல்லாப் பாண் வண்டிகளிலும் ஒலிக்கிற மெட்டுத்தான். யார் போட்டது, என்ன பாட்டு என்று ஊரில் யாருக்கும் தெரியாது. அதைக் கேட்டால் பாண் வருகிறது, அவ்வளவுதான்.

சுமித்திரா துள்ளி எழும்பினாள். மேனுகா இந்த உலகத்தில் தேடி ஓடிப் போகிற ஒரே சத்தம் அது. அந்த மெட்டு ஒழுங்கை முகப்பில் கேட்டதுமே எந்த மூலையில் இருந்தாலும் படலைக்கு வந்துவிடுவாள். கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு தானும் அதையே முனகுவாள், ஒரு சுரம் பிசகாமல். வாயே திறக்காத பிள்ளை.

பாண்காரத் தவராசா அண்ணையை அவள் றோட்டின் நடுவில் நின்று மறித்தாள்.

"அண்ணை, பிள்ளையைக் காணேல்லை."

"கேள்விப்பட்டனான் பிள்ளை. அதுதான் மற்ற ஒழுங்கையளை விட்டிட்டு நேரை இஞ்சை வாறன்."

"என்னை ஏத்திக்கொண்டு பாட்டைப் போட்டபடி போங்கோ அண்ணை. அவள் உங்கடை பாட்டுக்கு வருவாள். வேறை ஒண்டுக்கும் வரமாட்டாள்."

தவராசா அண்ணை மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டியிருந்த பாண்பெட்டியை அவிழ்த்து அருகிலிருந்த வளவுக்குள் இறக்கி வைத்தார். அவளை ஏற்றிக்கொண்டு வயல்கரையோரம் போனார். ஆனால் தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று ஆளைத் தள்ளுகிற மாதிரி வீசிக்கொண்டிருந்தது. சந்தேகம் வந்து அவள் இறங்கி வரம்பில் கொஞ்சத் தூரம் மேற்கே நடந்து பார்த்தாள். இரண்டு வயல் தாண்டவில்லை, பாட்டு இல்லை. திரும்பிப் பார்த்தால் அண்ணை அங்கேதான் நிற்கிறார், ஸ்பீக்கர் பாடிக்கொண்டுதான் இருக்கிறது.

ஓடி வந்தாள். "இதைவிடச் சத்தமா ஏலாதே அண்ணை?"

"இவ்வளவுதான் பிள்ளை. உள்ளங்கையளவு சாமான். ஒழுங்கைக்குக் காணும், வெளிக்குக் காணாது." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நிருஷன்ரை பைக்கிலை இருக்கிற மாதிரி எண்டால்..." என்று தொடங்கி, அப்படியே நிறுத்திவிட்டார்.

அவர் ஏன் நிறுத்தினார் என்பது அவளுக்குத் தெரியும்.

நிருஷன் நாலு வீடு தள்ளி இருப்பவன். மேசன் வேலைக்குப் போகிற இளம் பெடியன். கையில் வந்ததையெல்லாம் மோட்டார் சைக்கிளில்தான் போட்டான். சீற்றுக்கு அடியில் அம்ப், இரண்டு பக்கமும் ஸ்பீக்கர் பெட்டி, இரவில் நீலமாக எரிகிற லைற். முதலில் சின்னப் பெட்டிதான் வைத்திருந்தான். போன தைப்பொங்கலோடு அதைக் கழற்றிவிட்டுப் பெரிதாகப் போட்டான். அவன் ஒழுங்கைக்குள் திரும்பினால் வீட்டு யன்னல் அதிரும். மேனுகா தலையை மோதத் தொடங்குவாள். சுமித்திரா இரண்டு தரம் போய்ச் சொன்னாள். மூன்றாம் தரம் பிள்ளையின் நெற்றி வெடித்து இரத்தம் வந்தபோது நேரே பொலிசுக்குப் போனாள். அவர்கள் மோட்டார் சைக்கிளைக் கொண்டுபோய் நிறுத்தி வைத்தார்கள். பிறகு தண்டம் கட்டித்தான் அவன் அதை எடுத்தான். அன்று தொடக்கம் இரண்டு வீட்டுக்கும் முகம் கொடுத்துக் கதை இல்லை.

இப்போது அவள் செருப்பில்லாத காலோடு அவனுடைய முற்றத்தில் போய் நின்றாள். அவன் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் வெறுமனே நின்றுகொண்டிருந்தான்.

"தம்பி," என்றாள். இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டாள்.

"அக்கா, உதென்ன செய்யிறியள், கையை எடுங்கோ." அவன் பதறிப்போனான். "நான் பரந்தன் மட்டும் போய்த் தேடிப்போட்டு இப்பதான் வந்தனான். வாய்க்காலடிக்கு வரத்தான் யோசிச்சனான். என்னைக் கண்டா நீங்கள் என்ன நினைப்பியளோ எண்டு..."

"உன்ரை ஸ்பீக்கரிலை பாண்பாட்டைப் போடு தம்பி. அது தூரத்துக்குக் கேக்கவேணும்."

பின்னால் வந்த தவராசா அண்ணை தன்னுடைய பென் டிரைவைக் கழற்றிக் கொடுத்தார். நிருஷன் அதைச் செருகித் திருகினான். டும், டும் என்று நிலம் அதிர்ந்தது. அந்த அதிர்வுக்குள் மெட்டு எங்கேயோ நசுங்கிக் கிடந்தது.

"இது இல்லை," என்று சுமித்திரா கத்தினாள். "ஐயோ, இதைக் கேட்டால் இன்னும் ஓடுவாள்."

அவன் உடனே நிறுத்தினான். குனிந்து பெட்டிகளைப் பார்த்தான். "பிழை என்னிலைதான் அக்கா. இது ரெண்டும் பேஸுக்கு எண்டு எடுத்தது. அடிக்கும், ஆனா மெல்லிய சத்தம் தூரம் போகாது. அம்ப் நல்ல அம்ப். இதுக்குக் கோயில் லவுட்ஸ்பீக்கர் குழாய் மாதிரி ஒண்டைக் கொழுவினால் கேக்கும்."

கோயில் குழாய். அந்தச் சொல்லோடு, இவ்வளவு நேரமும் நெஞ்சில் இடித்துக்கொண்டிருந்தது என்னவென்று அவளுக்கு விளங்கியது.

அவள் கோயிலுக்கு ஓடினாள். கனகலிங்கம் ஐயா வேர்க்க விறுவிறுக்க மைக்கோடு நின்றார்.

"ஐயா, நிப்பாட்டுங்கோ. அவள் இந்தச் சத்தத்துக்குத்தான் ஓடினவள். நாங்கள் கூப்பிடக் கூப்பிட அவள் இன்னும் தள்ளிப் போறாள்."

ஐயா மைக்கை நிறுத்தினார். மத்தியானத்திலிருந்து முதல் தடவையாக ஊர் அமைதியானது. வாய்க்கால் பக்கம் ஆட்கள் கதைப்பதுகூட அங்கே கேட்டது.

"எங்களாலையோ பிள்ளை?" என்று கேட்டார்.

"குழாயைத் தாங்கோ ஐயா. நிருஷன்ரை மோட்டச்சைக்கிளிலை கட்டிக்கொண்டு போகப்போறம்."

அவர் தானே ஏணியைச் சாய்த்துப் பிடித்தார். பின்னாலேயே மோட்டார் சைக்கிளில் வந்திருந்த நிருஷன் வேப்பமரத்தில் ஏறி, அங்கே கட்டியிருந்த ஒரே குழாயை அவிழ்த்து இறக்கினான். தன்னுடைய பெட்டிகள் இரண்டையும் ஸ்குரூட்ரைவர்கூட எடுக்காமல் பிடுங்கி எறிந்தான், வயரைப் பல்லால் கடித்து உரித்து முறுக்கினான். மோட்டார் சைக்கிள் பற்றரி அம்ப்புக்கு மட்டுமட்டு, எஞ்சினை நிறுத்தினால் பாட்டும் படுத்துவிடும், எஞ்சினை ஓடவிட்டால் அந்த இரைச்சலில் எதுவும் கேட்காது என்றான். ஐயா தன்னுடைய ஓட்டோவின் பற்றரியைக் கழற்றித் தந்தார். பற்றரியைப் பெற்றோல் தாங்கிக்கு மேல் ரியூப்பால் இறுக்கிக் கட்டினார்கள். குழாயைக் கட்ட இடமில்லை.

"நான் மடியிலை வைச்சுப் பிடிக்கிறன்," என்றாள் சுமித்திரா.

அம்ப்பைப் போட்டதும் முதலில் அதில் பதிந்திருந்த பெண்குரல் ஒன்று ஆங்கிலத்தில் ஏதோ சந்தோசமாகச் சொன்னது. பிறகு நிருஷன் பேஸை முழுதாகக் குறைத்து, சத்தத்தை மெல்ல மெல்லக் கூட்டினான். கிழியவில்லை. படலையடியில் கேட்கிற அதே மெட்டு, அதைவிடப் பெரிதாக, அவளுடைய தொடை எலும்புக்குள்ளால் போயிற்று.

முதலில் வாய்க்கால் கட்டு வழியேதான் போனார்கள், மற்ற எல்லாரும் அங்கே நின்றதால். தண்ணீருக்குள் நின்றவர்கள் தலை நிமிர்ந்து பார்த்தார்கள். சதீஸும் பார்த்தான். நிருஷனுடைய மோட்டார் சைக்கிளில், மடியில் கோயில் குழாயோடு, பாண்பாட்டுப் போட்டபடி தன்னுடைய மனுசி போவதைக் கண்டான்.

"விசரே உனக்கு?" என்று கத்தினான். "பிள்ளை தண்ணிக்கை கிடக்குது. நீ பாட்டுப் போட்டுக்கொண்டு திரியிறாய்!"

அவ்வளவு நேரமும் யாரும் வாய் திறந்து சொல்லாததை அவன் சொல்லிவிட்டான். கைகோர்த்து நின்றவர்கள் தண்ணீரைக் குனிந்து பார்த்தார்கள். குழாய் சுமித்திராவின் கையிலிருந்து நழுவப் பார்த்தது. இறங்கி அவனுக்குப் பக்கத்தில் போய்த் தண்ணீருக்குள் நின்றுவிடலாம் போலிருந்தது. அவன் சொல்வதுதான் உண்மையென்றால் இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அதில் ஒரு வகை ஆறுதல்கூட இருந்தது. அந்த ஆறுதலுக்கு அவள் பயந்தாள்.

"போ தம்பி," என்றாள்.

பாலம் தாண்டியதும் நிருஷனுடைய முதுகைத் தட்டி நிறுத்தினாள். "கோயில் லவுட்ஸ்பீக்கர் போட்டா எங்கை கேக்காது?"

"கேக்காதோ?"

"ஓம். சத்தம் போய்ச் சேராத இடம். அவள் அங்கைதான் போவாள். கேக்காத இடம் வரைக்கும் ஓடிப்போட்டுத்தான் நிப்பாள்."

நிருஷன் காற்று வீசுகிற பக்கம் முகத்தைத் திருப்பினான். "சோளகம் அடிச்சா மேற்கை போகாது அக்கா. ஆத்தங்கரைப் பத்தையுக்கை நிண்டா ஒரு சத்தமும் வராது."

ஆற்றங்கரையில் யாரும் தேடவில்லை. ஏழு வயதுப் பிள்ளை அவ்வளவு தூரம் நடக்காது என்று நினைத்திருந்தார்கள். அவன் மோட்டார் சைக்கிளை வரம்புகளுக்கு மேலால் விட்டான். அவள் குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அதன் விளிம்பு வயிற்றில் அறுத்தது.

பற்றைக்காட்டின் விளிம்பில் நின்று பாட்டைப் போட்டார்கள். காற்று அதை அள்ளி அவர்கள் வந்த வழியே, வயலைத் தாண்டிக் கொண்டுபோயிற்று. காட்டுக்குள் ஒரு துண்டும் போகவில்லை. வெயில் மரங்களுக்குக் கீழே இறங்கிவிட்டது. இருட்டினால் யானை ஆற்றுக்கு வரும். வந்த வழியில் பச்சையாக யானை லத்தி கிடந்ததை இருவருமே கண்டார்கள்.

"காத்துக்கு மேலை போவேணும்," என்றாள் சுமித்திரா. "ஆத்தைக் கடந்து அங்காலை நிண்டு போட்டாக் காத்தே உள்ளை கொண்டுவரும்."

"மண் ஏத்திற ட்ரக்ரர் போற தடம் ஒண்டு இருக்கு. நான் போவன். ஆனா அக்கா, அவள் பதில் குடுத்தா அது எனக்குக் கேக்காது. காத்து இஞ்சாலைதான் கொண்டுவரும்."

"நான் இஞ்சாலை நிக்கிறன். நீ போட்டு நிப்பாட்டு, போட்டு நிப்பாட்டு. நிப்பாட்டிற நேரம் நான் கேக்கிறன்."

"தனியவோ அக்கா?"

"போடா தம்பி!"

குழாயைப் பின்சீற்றில் சட்டையால் கட்டிக்கொண்டு அவன் போனான். எஞ்சின் சத்தம் தேய்ந்து இல்லாமல் போயிற்று. சுமித்திரா காரை முள்ளை விலக்கிக்கொண்டு உள்ளே நடந்தாள். பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கத்தவேண்டும் போலிருந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

மேற்கே இருந்து பாட்டு வந்தது. காற்றோடு சேர்ந்து, மரங்களுக்கு மேலால், தெளிவாக வந்தது. நின்றது. அவள் மூச்சை நிறுத்திக் கேட்டாள். இலைச் சத்தம். ஒரு புறா. வேறொன்றும் இல்லை. மறுபடி பாட்டு. மறுபடி இலைச் சத்தம். அவள் நடந்தாள், நின்றாள், நடந்தாள். முள் காலில் ஏறியதைக் கவனிக்கவில்லை. ஒவ்வொரு தடவை பாட்டு நிற்கிறபோதும் அவளுடைய உயிரும் அங்கேயே நின்றது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை என்று தெரிந்ததும், சதீஸ் கத்தியது காதுக்குள் வந்தது.

பாட்டின் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. பற்றரி இறங்குகிறது. கடைசியாகத் தொடங்கியது நடுவில் அறுந்து நின்றது. அம்ப்பின் பெண்குரல் தூரத்தில் அரைவாசியில் ஏதோ சொல்லிவிட்டு அதுவும் அடங்கியது.

ஆனால் மெட்டு நிற்கவில்லை. அறுந்த இடத்திலிருந்து அது தொடர்ந்தது. மெல்ல, மூக்கால், ஒரு சுரம் பிசகாமல்.

சுமித்திரா அந்தப் பக்கம் பாய்ந்தாள். முனகல் ஒரு தரம் முடிந்து நின்றது. அவளும் நின்றாள். எந்தப் பக்கம்? இன்னொரு தரம் பாட்டு வந்தால் போதும். வராது. பற்றரி செத்துவிட்டது. அவளுக்குப் பாட வராது. பிள்ளைக்குத் தாலாட்டுக்கூடப் பாடியதில்லை. காய்ந்துபோன வாயை நக்கிக்கொண்டு அவள் அந்த மெட்டைத் தானே முனகினாள். குரல் நடுங்கி, சுரம் எங்கேயோ போயிற்று. தொடக்கத்துக்கு வந்து மறுபடியும் முனகினாள்.

இடது பக்கத்திலிருந்து, நிலத்துக்குக் கீழே இருந்து வருவதுபோல, மேனுகா அதைத் திருத்தி முனகினாள்.

மண் அள்ளுகிறவர்கள் தோண்டிவிட்டுப் போன கிடங்கு அது. ஆள் உயரத்துக்கும் மேலே ஆழம். அடியில் ஊற்றுத் தண்ணீர். பிள்ளை தொடைவரை ஈரமண்ணில் புதைந்து, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். கரையில் சுமித்திரா காலை வைத்ததுமே மண் பொலபொலவென்று சரிந்து பிள்ளையின் இடுப்பில் விழுந்தது. அவள் அப்படியே பின்வாங்கிக் குப்புறப் படுத்தாள். கூப்பிடவில்லை, அழவில்லை. தலையை மட்டும் நீட்டி, பிள்ளையைப் பார்த்தபடி மெட்டை முனகிக்கொண்டே கிடந்தாள். மேனுகா அவளைப் பார்க்கவில்லை. ஆனால் காதிலிருந்து ஒரு கையை எடுத்தாள்.

நிருஷன் ஆற்றைக் கடந்து முனகல் கேட்ட பக்கமாக ஓடி வந்தபோது அவள் கையால் சைகை காட்டினாள்: கத்தாதே. அவனுக்கு விளங்கியது. தான் உடுத்திருந்த காற்சட்டையின் பெல்டையும் அவளுடைய சேலையையும் சேர்த்து முடிந்தான். அவன் படுத்தபடி கிடங்குக்குள் பாதி உடம்பை இறக்க, அவள் அவனுடைய கால்களில் ஏறி இருந்துகொண்டாள். மண் சரியச் சரிய அவன் பிள்ளையின் கக்கத்தில் சேலையைக் கோத்து இழுத்தான். முதலில் அசையவில்லை. இன்னொரு தரம் மண் விழுந்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்த இழுப்பில் சேற்றுக்குள் ஏதோ விட்டுக்கொடுத்தது. பிள்ளை மேலே வந்தாள்.

அவளுடைய உடம்பு குளிர்ந்து கிடந்தது. ஒரு காலில் நீளமாக வெட்டு. சுமித்திரா பாவாடையும் சட்டையுமாக மண்ணில் குந்தி அவளை இறுக்கிக்கொண்டாள். இறுக்கினால் பிள்ளைக்குப் பிடிக்காது. அன்று அவள் உதறவில்லை.

நிருஷன் சதீஸுக்குப் போன் எடுத்தான். அது வீட்டில், அலுமாரிக்கு மேலே அடித்துக்கொண்டிருந்தது. கனகலிங்கம் ஐயாவின் நம்பர் அவனிடம் இல்லை. ஊருக்குச் சொல்லக் கோயிலில் இருந்த குழாயை அவர்கள்தான் கழற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். மோட்டார் சைக்கிளை எடுத்து வரவா என்று அவன் இரகசியக் குரலில் கேட்டான். எஞ்சின் சத்தத்தை நினைத்து அவள் தலையாட்டி மறுத்தாள்.

"அப்ப நான் ஓடுறன் அக்கா," என்றான். மோட்டார் சைக்கிளும் அம்ப்பும் ஆற்றுக்கு அங்காலே அப்படியே நின்றன. அவன் திரும்பியும் பார்க்கவில்லை.

அவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வரம்புகளில் நடந்தாள். வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. தூரத்தில் வாய்க்கால் கட்டு தெரிந்தது. நிருஷன் அதன் மேலால் இரண்டு கையையும் வீசிக்கொண்டு ஓடுவது தெரிந்தது. காற்று அவனுடைய குரலைக் கிழக்கே கொண்டுபோனதால் அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீரில் கோத்திருந்த கைகள் ஒவ்வொன்றாக விடுபட்டன. ஆட்கள் கட்டில் ஏறி இந்தப் பக்கம் ஓடி வரத் தொடங்கினார்கள்.

சதீஸ் மட்டும் ஏறவில்லை. கரையில் கையை ஊன்றி எழும்பப் பார்த்தான். முடியவில்லை. மறுபடியும் பார்த்தான். பிறகு தண்ணீர் கழுத்தளவுக்கு வர அப்படியே அடித்தரையில் குந்திவிட்டான். இரண்டு பேர் இறங்கி அவனைக் கக்கத்தில் பிடித்துத் தூக்கும் வரைக்கும் அவன் தாயும் பிள்ளையும் வருகிற பக்கத்தையே பார்த்தபடி இருந்தான்.